துன்னல்: ஒரு தையலின் தொலைந்த பெயர்

சென்ற மாசியில் அக்கா ஒரு துணியைத் தைத்து முடித்தாள். ஏழடி நீளம், ஐந்தடி அகலம். பழைய புடவைகள், சாயம் போன கைலிகள், அத்தானின் வேட்டிக்கரை, தையற்கடையில் கேட்டு வாங்கிய கட்பீஸ் துண்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பூவோ மயிலோ யானையோ கிடையாது. நேராக நிற்காத பச்சைக் கட்டங்கள், அவற்றினூடே பழுப்பு வரப்புகள், ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மெலிந்துகொண்டே போகும் சாம்பல் நீலம். காரைக்காலில் பிறந்தவர்கள் சற்றுநேரம் பார்த்துவிட்டு அரசலாறு என்று சொல்லிவிடுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் நிறம்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். இது என்ன? பக்கத்து வீட்டுச் சித்தி மெத்தை விரிப்பு என்றார். எதிர்வீட்டுப் பாட்டி போர்வை என்றார். கடைசியில் அக்காவே என்னிடம் கேட்டாள்: "நீதான் தமிழ் படிச்சவன். இதுக்கு என்னடா பேரு?"

குவில்ட் என்றேன். "அது அவங்க பேரு, நம்ம பேரைச் சொல்லு" என்றாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்குத் தரவேண்டிய பதில்.

முதலில் கைக்கு வந்த சொல் கந்தை. சமஸ்கிருதத்தில் கந்தா என்றால் துண்டு துண்டாய்ச் சேர்த்துத் தைத்த ஆடை, குறிப்பாகத் துறவிகள் போர்த்துவது. அதே சொல் வங்காளத்தில் காந்தா. அங்கே பாட்டிமார் நைந்த புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டு விரிப்பாக்கினார்கள். 1929இல் வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் எழுதிய நெடும்பாட்டின் பெயரிலேயே நக்சி காந்தா இருக்கிறது. கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதைத் தேடித் தேடிச் சேகரித்தார், ஆராய்ந்து எழுதினார். இன்று அந்தப் பெயர் உலக அருங்காட்சியகங்களின் சுவரில் இருக்கிறது. தமிழில் அதே சொல்லின் கதி வேறு. கந்தை என்றாலே வறுமை. கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழிக்குள் அது மாட்டிக்கொண்டது. தைத்தவள் கை அந்தச் சொல்லிலிருந்து அடியோடு மறைந்து, கிழிசல் மட்டும் மிஞ்சிவிட்டது. அக்கா மாதக்கணக்கில் கண்விழித்துச் செய்ததற்கு அந்தப் பெயரைச் சூட்ட என் வாய் வரவில்லை.

அடுத்தது ஒட்டு. ஒட்டுப்போட்ட சட்டை, ஒட்டுத்துணி. அதுவும் ஓட்டையை மறைக்கும் வேலையைத்தான் சொல்கிறது. அக்காவின் துணியில் மறைப்பதற்கு ஓட்டை எதுவும் இல்லை. அவளுடைய துண்டுகள் ஒன்றன் குறையை இன்னொன்று மூடுவதற்காக வரவில்லை, ஒன்றின் பக்கத்தில் ஒன்று இருப்பதற்காக வந்தவை.

காவிரிப் படுகையில் துண்டுத் துணி வேலைக்கு மதிப்பான பெயர் ஒன்று உண்டு. தேரில் தொங்கும் தொம்பை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கைவினைஞர்கள் சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள், கறுப்புத் துணிகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்து, யாளியும் தாமரையுமாக உருளை வடிவில் செய்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேர் அசையும்போது அவை ஆடுவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தொம்பை என்பதற்கு நெல் கொட்டிவைக்கும் உயரமான குதிர் என்ற பொருளும் உண்டு. நெற்குதிரின் உருவத்தைக் கண்டு, தேர்த்துணிக்கும் அதே பெயரை வைத்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வயலிலிருந்து கோயிலுக்கு வந்த பெயர். ஆனால் தொம்பை உருவத்தின் பெயர், உருளையாக இருந்தால்தான் அது தொம்பை. அக்காவின் துணி தட்டையாகச் சுவரில் தொங்குகிறது. இதையும் விட்டுவிட்டேன்.

செயலின் பெயரைத் தேட வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. தைத்தல் என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். முள் காலில் தைத்தது என்கிறோம், அம்பு மார்பில் தைத்தது என்கிறோம், சட்டை தைத்தேன் என்கிறோம். மூன்றுக்கும் ஒரே வினை. ஊசி உள்ளே இறங்குவதை மட்டும் பார்த்து வைத்த பெயர் அது. பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். காரைக்காலை 1739 முதல் ஆண்டவர்கள், 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகத்தைக் கைமாற்றிவிட்டுப் போனவர்கள். அவர்கள் மொழியில் இப்படித் தைத்த போர்வைக்குக் கூர்த்புவாந்த் என்று பெயர். இலத்தீனில் குல்கிதா புங்க்தா, அதாவது குத்தப்பட்ட மெத்தை. மெத்தை என்ற பாதி, பேச்சில் சிதைந்து, குட்டை என்று பொருள்படும் வேறொரு சொல்லாக மாறிப்போனது. குத்து மட்டும் நின்றது. ஆங்கிலக் குவில்ட் அந்த மெத்தைப் பாதியிலிருந்து வந்தது. ஆக, ஒரே இலத்தீன் தொடரை உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டது போலத்தான் இருக்கிறது.

மெத்தை என்ற பெயர் இருந்ததால் ஆங்கிலத்தில் வந்த தொல்லை பெரிது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில், ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் தாங்கள் சேகரித்த அமெரிக்கக் கிராமத்துப் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள். அரூப ஓவியங்களை மாட்டுவதுபோலவே மாட்டினார்கள். கட்டிலில் கிடந்தவரை யாரும் காணாத வடிவம் சுவரில் தெரிந்தது. 1979இல் ஒஹாயோ மாநிலத்து ஏதென்ஸ் ஊரில் ஒரு பழைய மாட்டுத்தொழுவத்தில் புதிய படைப்புகளுக்கென்றே குவில்ட் நேஷனல் கண்காட்சி தொடங்கியது. அப்போதும் பெயர் இடித்தது. கட்டிலுக்கு அல்ல, சுவருக்கு என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது. முன்னால் ஆர்ட் என்று ஒரு சொல்லை ஒட்டவைத்தார்கள். 1986இல் அந்தப் பெயரிலேயே ஒரு நூலும் வந்தது. 2002இல் அலபாமாவின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர்க் கறுப்பினப் பெண்களின் போர்வைகள் அருங்காட்சியகம் ஏறியபோது, வேலைக்காட்டில் நைந்துபோன கால்சட்டைத் துணிகளை வைத்து அவர்கள் செய்த வடிவங்களைக் கண்டு ஓவியர்களே வியந்தார்கள். அந்தப் பெண்கள் ஒருபோதும் ஆர்ட் என்ற அடைமொழியைத் தேடிப் போகவில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது பழந்தமிழுக்குள் வருகிறேன். சங்க இலக்கியத்தில் தையலுக்குத் துன்னம் என்றும், தைத்த துணிக்குத் துன்னல் என்றும் சொற்கள் உண்டு. துன்னூசி என்றால் தையலூசி. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் ஒரு பொருநனின் பழைய உடையை வருணிக்கிறார். வியர்வையில் ஊறியது, ஈரும் பேனும் குடியிருப்பது, வேறு வேறு நூல்கள் உள்ளே புகுந்து தைக்கப்பட்ட துன்னல். கரிகால் சோழன் அதைக் களையச் செய்து, நூல் போன வழியே தெரியாத மெல்லிய துணியைத் தருகிறான். புலவரின் கண் புதுத்துணியில்தான் இருக்கிறது, அது இயல்பு. ஆனாலும் அந்தக் கந்தலில் வேற்று நூல் புகுந்திருப்பதை அவர் குறித்துவைத்தார். ஒன்றோடொன்று சேராத இழைகளைச் சேர்த்த துணிக்குத் தமிழில் எனக்குத் தெரிந்த மிகப் பழைய வருணனை அது.

புறநானூற்றின் 136ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. துறையூர் ஓடைகிழார் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடியது. தன் உடையில் இருக்கும் பல துன்னங்களுக்கு ஓர் உவமை சொல்கிறார்: யாழின் பத்தரை மூடிய தோலின் பின்புறம். தோலை இழுத்துத் தைத்த அந்த வரிசையும் தன் கிழிசலில் ஓடும் தையலும் ஒன்றுபோல அவருக்குத் தெரிந்திருக்கின்றன. வறுமையைச் சொல்லும் இடம்தான், பேன்கூட வருகிறது. ஆனால் பசியோடு நிற்கும் ஒரு மனிதன் தன் தையலில் ஒரு வடிவத்தைப் பார்த்து, அதை இசைக்கருவியோடு சேர்த்துச் சொல்கிறான். தையலின் கோட்டைக் கோடாகவே பார்ப்பதுதான் அக்கா செய்யும் வேலையும்.

இந்தச் சொல்லுக்கு உடையவர்கள் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடியைக் கடந்து போனால் பூம்புகார், அந்நாளின் புகார். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை அந்நகரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை வரிசையாக அடுக்கும்போது துன்னகாரரையும் சேர்க்கிறது, தோலைத் தைக்கும் துன்னரையும் சேர்க்கிறது. துணி தைப்பவருக்கும் செருப்பு தைப்பவருக்கும் வேர் ஒன்று. இந்தக் கடற்கரையில் கடைத்தெருவில் உரக்கக் கூப்பிடப்பட்ட சொல் அது.

அதன் வேர் எது? இரண்டு வழி காட்டலாம். சமஸ்கிருதத்தில் துன்ன என்றால் குத்தப்பட்டது, கிழிபட்டது. தையற்காரருக்கு அங்கே துன்னவாயர் என்று பெயர், கிழிந்ததை நெய்பவர் என்று பொருள். அமரகோசத்தில் அந்தச் சொல் இருக்கிறது. துன்னகாரர் என்பதன் பின்பாதியான காரர் அங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தமிழில் துன்னு என்ற வினை தனியே இருக்கிறது. நெருங்கு, செறி, அணுகு, பொருந்து என்பன அதன் பொருள்கள். துன்னார் என்றால் பகைவர், நெருங்கி வராதவர். ஒரு துணியை இன்னொன்றின் அருகே கொண்டுவந்து நெருக்குவதே தைப்பது என்று எண்ணியவர்கள் அந்த வினையிலிருந்தே துன்னத்தைப் பெற்றிருக்கலாம். நான் இந்த இரண்டாம் வழியின் பக்கம் நிற்கிறேன். கடன் வாங்கிய பெயர் ஒன்று வினையாகிக் காலம் காட்டி, எச்சமாகி, எல்லா வடிவமும் எடுத்துத் தினசரிப் பேச்சில் ஓடுவது எளிதல்ல. இது அப்படி ஓடியிருக்கிறது. இன்றும் ஓடுகிறது. தமிழில் அல்ல என்பதுதான் வருத்தம்.

மலையாளத்தில் தைப்பதற்கு துன்னுக என்ற சொல் இன்றும் வழங்குகிறது. தையல் என்றால் துன்னல், தையற்காரர் என்றால் துன்னல்காரன். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் நான்கு துண்டுகள்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். பிரெஞ்சுக்காரர்கள் மூன்று மொழிகளின் கரைகளில் வெட்டி எடுத்த துண்டுகளை ஒரே நிர்வாக நூல் இன்றும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதில் மாஹே மலையாள நாடு. புகார்க் கடைத்தெருவில் நாம் தொலைத்த சொல் நம் ஒன்றியப் பகுதியிலேயே, மேற்குக் கரையில், ஊசியும் நூலுமாக உயிரோடு இருக்கிறது. ஏனாம் தெலுங்கு நாடு. தெலுங்கில் பழந்துணி அடுக்கித் தைத்த விரிப்புக்கு பொந்த என்று பெயர். அடுத்துள்ள கன்னடத்தில் கவுதி. அங்கே வடகன்னட மாவட்டத்துச் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர், ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கும் விரிப்புகளைத் தைக்கிறார்கள். நான்கு மூலையிலும் பூ என்று சிறு துணிமடிப்பு வைத்தால்தான் அவர்களுக்கு வேலை முடிந்ததாகும். சுற்றிலும் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. தமிழில் இருந்த பெயர்களை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம். பொல்லம் பொத்துதல் என்று ஒரு தொடர்கூட உண்டு, இரண்டு துண்டுகளை இணைத்துத் தைப்பது என்று பொருள். சொன்னால் யாருக்குப் புரியும்?

துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது பற்றித் தெற்கே ஒரு செய்தியும் உண்டு. காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினத்தில், இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் இருந்தது. ஆனைமங்கலம் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்கான கொடையாக, கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. அங்கே தங்கிய பிக்குகளின் உடை துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சீவரம். பிக்குகளின் ஒழுக்க நூலான விநயபிடகம் அதன் வடிவத்துக்கு ஒரு கதை சொல்கிறது. புத்தர் மகத நாட்டில் நடந்து போகையில் நெல்வயல்களைப் பார்க்கிறார். கட்டம் கட்டமாக, வரப்பு வரப்பாக, நடுவில் குறுக்கு வரப்பு. சீடர் ஆனந்தரைக் கூப்பிட்டு, பிக்குகளின் சீவரத்துக்கு இந்த அமைப்பைக் கொண்டுவர முடியுமா என்று கேட்கிறார். ஆனந்தர் செய்கிறார். நீள்வரப்பு ஒரு தையல், குறுக்குவரப்பு ஒரு தையல், வயல் ஒரு துண்டு. வெட்டிய துணியில் பகைவருக்கும் ஆசை வராது என்பதும் அந்த ஏற்பாட்டின் காரணங்களில் ஒன்று.

வயலைப் பார்த்து, அதில் வரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மாடும் மனிதனும் இல்லாமல் ஒரு துணியாக்கிய முதல் மனிதர் ஆனந்தராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இந்த ஊரில் அந்தக் கதை தனிப் பொருள் பெறுகிறது. சம்பா தொடங்கும் நாட்களில் எங்கள் மாடியில் ஏறி நின்றால், உழுது நீர் கட்டிய பழுப்பு வயல்களுக்கு நடுவே நாற்றங்கால் மட்டும் கண்ணைக் குத்தும் பச்சையாக, ஒரு ஓரத்தில், யாரோ தைத்துவைத்த துண்டுபோல இருக்கும். அக்கா அங்கேதான் தொடங்கினாள்.

அவள் எப்படிச் செய்தாள் என்பதைச் சொல்லாமல் பெயரைப் பற்றிப் பேச முடியாது. அளவுகோல் வைக்கவில்லை. கத்தரியைக் கை போன போக்கில் விட்டாள். வரப்பு நேராக இருக்காது என்று காரணம் சொன்னாள். ஒரு பழைய கம்பளியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். பருத்தித் துண்டுகள் அதில் குண்டூசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். ஒன்றை வைப்பாள், பத்தடி தள்ளி வந்து கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள், எடுத்துவிடுவாள். இப்படி ஐப்பசி முழுதும் போயிற்று. ஒருநாள் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துக் காட்டினேன். அவள் தேடித் தேடிச் சேர்த்த இரண்டு பச்சைகளும் படத்தில் ஒரே சாம்பலாகக் கிடந்தன. நிறம் வேறு, வெளிச்சம் ஒன்று. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, பள்ளி நாளில் தான் கட்டிய பாவாடையின் வெளிர்மஞ்சளை அந்த இடத்தில் வைத்தாள். அதன்பிறகே நாற்றங்கால் எழுந்து நின்றது.

இன்னொரு பாடம் தையலில் கிடைத்தது. சுவரில் பார்த்த துண்டும் தைத்தபின் இருக்கும் துண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுகிறது. அரை அங்குலக் கோடு வேண்டுமென்றால் ஒரு அங்குலம் வெட்ட வேண்டும். முதலில் தைத்த வரப்புகள் எல்லாம் நூலாய் மெலிந்துபோயின. பிரித்தாள், திரும்ப வெட்டினாள். பிறகு மேல்துணி, நடுவில் பழம்புடவை இரண்டு மடிப்பு, அடியில் வேட்டித்துணி என்று மூன்றையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழையோட்டி நிறுத்தினாள். அதற்குமேல் ஓட்டுத்தையல். தையல் விழ விழத் துணி சுருங்கி மேடும் பள்ளமுமாக எழுந்தது. ஆற்றின் மேல் அலை மாதிரித் தையலை ஓட்டினாள், வயலில் குறுக்காக. நிறம் கொடுக்காத நிழலை நூல் கொடுத்தது.

ஒவ்வொரு நாளும் அவள் செய்தது இரண்டே வேலை. குத்துவது, நெருக்கிக் கொண்டுவருவது. சமஸ்கிருதத் துன்ன குத்துவதைச் சொல்கிறது, தமிழ்த் துன்னு நெருங்குவதைச் சொல்கிறது. எந்த வழியில் வந்திருந்தாலும் துன்னல் என்ற சொல்லில் அவள் வேலை முழுதாக இருக்கிறது. அதில் மெத்தை இல்லை, கட்டில் இல்லை, வறுமை இல்லை. சுவரில் மாட்டினாலும் பொருந்தும், கட்டிலில் விரித்தாலும் பொருந்தும். கலை என்று முன்னால் ஒன்றைச் சேர்க்கவேண்டிய தேவையும் இல்லை.

சென்னையில் 2019இல் இந்திய குவில்ட் திருவிழா நடந்தது. தமிழ்நாட்டில் இன்று இந்தக் கலையில் இறங்கும் பெண்கள் பெருகிவருகிறார்கள். அவர்களுடைய வகுப்புகளிலும் கண்காட்சிச் சீட்டுகளிலும் குவில்ட் என்ற சொல்லே இருக்கிறது. அதைத் தடுக்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த சொல் அது. அதன் பக்கத்தில் துன்னல் என்றும் எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கேட்பவர்களுக்குப் புகாரையும் மாஹேயையும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பாட்டியோ அம்மாவோ பழைய புடவைகளை அடுக்கித் தைத்த ஒரு துணி உங்கள் வீட்டில் இருந்திருக்கும், குழந்தையைக் கிடத்த, ஊறுகாய் காயவைக்க, மழையில் வாசலில் போட. அதற்கு வீட்டில் என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். அகராதியில் இல்லாத சொல்லாகக்கூட இருக்கலாம். அக்கா தன் துணியின் பின்பக்கத்தில், வலது மூலையில், கறுப்பு நூலால் இரண்டு சொல் தைத்திருக்கிறாள்: துன்னல், காரைக்கால்.